அடீனியம் (பாலைவன ரோஜா) செடி இலை கொட்டுது, உரம் போடலாமா?

போடாதீங்க. முத்தியால்பேட்டை மொட்டைமாடியில் ஐப்பசி மழையில் நனைஞ்சு இலை கொட்டுற அடீனியத்துக்கு இப்போ உரமும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். இன்னிக்கே சன்ஷேடுக்குக் கீழே, வெளிச்சம் படுற இடத்துக்கு மாத்துங்க.

தொட்டிக்கு அடியில் தட்டு வெச்சிருக்கீங்களா? பெரும்பாலும் அதில் தேங்குற தண்ணிதான் வேரை அழுக வைக்கும்.

பருத்த அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்க. கெட்டியா இருந்தா பயமில்லை, செடி ஓய்வெடுக்குது. தை வெயிலில் துளிர்விட்ட பிறகு தண்ணி ஊத்துங்க. கொழகொழன்னு இருந்தா பிடுங்கி, சுத்தமான வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகலை வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கணும், நிறைய பேர் இதை விட்டுடுறாங்க. நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, ஆற்றுமணல் கூடுதலாக் கலந்த மண்ணில் நடுங்க.

அடீனியத்தோட பால் விஷம். கையுறை போட்டுக்கோங்க, குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீங்க. அழுகல் நடுத்தண்டுவரை ஏறியிருந்தா பிழைக்கிறது கஷ்டம். புதுச் செடி வளர்க்க நல்ல கிளை ஒண்ணை வெட்டி வெச்சுக்கோங்க.