"கவனமில்லாமல் கை வைத்தான்" என்று ஓனர் சொன்னால் இழப்பீடு கிடையாதா?

கேள்வி: நாங்கள் கொடுங்கையூரில் இருக்கிறோம். என் தம்பிக்கு 30 வயது. மாதவரம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் (தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் மெஷின்) ஓட்டினான், சம்பளம் 14,000. 2025 மார்ச்சில் பீஸை எடுக்கும்போது பிரஸ் தானாக இன்னொரு அடி இறங்கி, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. புரொடக்‌ஷன் குறைகிறது என்று சூப்பர்வைசர் முந்தின வாரமே கார்டைக் (கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பை) கழற்றியிருந்தார். ஓனர் நர்சிங் ஹோமில் சேர்த்து பில் கட்டினார், பைக் செயினில் மாட்டியதாகச் சொல்லச் சொன்னார். டிஸ்சார்ஜ் அன்று 40,000 கொடுத்து, "இனி எந்த பாக்கியும் இல்லை" என்று எழுதிய பத்திரத்தில் இடது கை ரேகை வாங்கிக்கொண்டார். இப்போது கேட்டால், "ஏழு பேர் வேலை செய்யும் இடத்துக்குச் சட்டமே கிடையாது, கவனமில்லாமல் கை வைத்தது அவன் தப்பு" என்கிறார். அவ்வளவுதானா?

பதில்: இல்லைம்மா, அவர் சொன்ன எதுவும் நிற்காது.

கவனக்குறைவு என்ற வார்த்தையை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் யார் தப்பு என்று கேட்பதே இல்லை. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டதா என்றுதான் கேட்கிறது. குடித்துவிட்டு ஓட்டினார், அல்லது பாதுகாப்புக் கருவி என்று தெரிந்தே வேண்டுமென்று தானே கழற்றினார் என்று முதலாளி நிரூபித்தால் இப்படிப்பட்ட காயத்தில் தப்பிக்கலாம். இங்கே கழற்றியது சூப்பர்வைசர். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை டைக்குள் (பிரஸ் அடிக்கிற அச்சுக்குள்) கை போய் வருகிற வேலையில் ஒரு தடவை கை பிந்தும், மனிதன்தானே, அதற்காகத்தான் கார்டும் ரெண்டு கையாலும் அழுத்தினால் மட்டும் ஓடுகிற பட்டனும் வைத்திருக்கிறார்கள். அதிலும் உங்கள் தம்பி விஷயத்தில் பிரஸ்ஸே தானாக ரெண்டாவது அடி அடித்திருக்கிறது. கிளட்ச், பிரேக் தேய்ந்தால் இப்படி ஆகும். அதைப் பார்த்துச் சரி செய்ய வேண்டியது ஓனர்.

ஏழு பேர் கணக்கும் தப்பு. அந்தச் சட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை கிடையாது, உற்பத்தி வேலை நடக்கிற இடமாக இருந்தால் போதும். ஆனால் நீங்களும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், காண்ட்ராக்ட் பையன்கள், பேக்கிங் பெண்கள் எல்லோரையும் சேர்த்து. பத்துப் பேர் வந்தால் பட்டறை இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுக்குள் வரும், அப்போது இந்த வழக்கு போட முடியாது, ஊனத்துக்கான மாதத் தொகையை இ.எஸ்.ஐ.யில்தான் வாங்க வேண்டும். ஓனர் தம்பியின் பெயரை அங்கே பதியவே இல்லை என்றாலும் அந்த உரிமை போகாது.

ஏழு பேர்தான் என்றால் கணக்கு இப்படி. சம்பளத்தில் 60 சதவீதம் 8,400. முப்பது வயதுக்குச் சட்டம் போட்டிருக்கிற எண் 207.98. பெருக்கினால் 17,47,032. ஒரு கையில் ரெண்டு விரல் போனால் 20 சதவீதம், ஆக 3,49,406 ரூபாய். அதற்கு மேல் 12 சதவீத வட்டி, ஒரு மாதத்துக்குள் கொடுக்காததற்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் உங்களுக்கே வரும். இதைவிடக் கூடவும் கேட்கலாம். இடது கையை இழந்த ஒரு தச்சர் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று முழு ஊனமாகவே கணக்கிட்டதை 1975-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தம்பியால் இனி பிரஸ் ஓட்ட முடியாது என்று டாக்டர் சான்று இருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள், கிடைத்தே தீரும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். இழப்பீடு விபத்து அன்றே கடனாகிவிடுகிறது என்று சொன்னதும் அதே தீர்ப்புதான், அதனால் 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டதே என்று குழம்ப வேண்டாம், மார்ச் விபத்துக்குப் பழைய சட்டம்தான்.

அந்தப் பத்திரம்? உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. இழப்பீடு பேசி முடித்ததாகவே வைத்துக்கொண்டாலும் அதைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் பதிய வேண்டும். பதியவில்லை என்றால் முழுத் தொகையும் ஓனர் தலையில்தான், கொடுத்த 40,000-இல் பொதுவாகப் பாதிக்கு மேல் கழிக்க முடியாது. ஆஸ்பத்திரி பில்லை இழப்பீட்டில் சேர்க்கவே கூடாது.

எனக்குக் கவலை தருவது பைக் செயின் கதைதான். நர்சிங் ஹோம் ரெக்கார்டில் அது இருந்தால் ஓனர் அதைத்தான் முதலில் நீட்டுவார். சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் ஸ்டேட்மென்ட், அன்றைக்கு வந்த வாட்ஸ்அப் மெசேஜ், ஓனர் பில் கட்டிய ரசீது (பைக் விபத்துக்கு அவர் ஏன் கட்டினார்?), கூட வேலை செய்த ஒருவருடைய சாட்சி, இவற்றை இந்த வாரமே சேருங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கையைக் காட்டி, உண்மையில் நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அப்புறம் அந்த இழப்பீட்டு ஆணையரிடம் மனு போடுங்கள், வக்கீல் இல்லாமலும் போடலாம். கெடு ரெண்டு வருடம், 2027 மார்ச்சுக்குள், ஆனால் சாட்சி சொல்லும் பையன் வேறு ஊருக்குப் போய்விடுவதற்குள் போடுங்கள்.

போலீஸ் புகாரும் கொடுங்கள். இயந்திரத்தை அஜாக்கிரதையாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 289-ஆம் பிரிவில் குற்றம். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு) வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். அந்த பிரஸ்ஸில் இன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார், கார்டை மாட்டினார்களா என்று தம்பியை விசாரிக்கச் சொல்லி அதையும் புகாரில் எழுதுங்கள்.