கலர் லென்ஸால் மகளின் கண் பாதிக்கப்பட்டது, கடைக்காரர் கையெழுத்துக் கேட்கிறார்

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 22 வயது. அவள் அண்ணன் கல்யாணத்துக்காக ஒரு கடையில் கலர் லென்ஸ் வாங்கினாள். கண்ணைச் சோதிக்கவில்லை, உபயோகிக்கும் முறை எழுதிய தாளும் தரவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிப் போட்டிருக்கிறாள். முதலில் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று என்று மருந்து கொடுத்தார்கள், பிறகுதான் அகந்தமீபா என்று தெரிந்தது. இப்போது கருவிழியில் வெள்ளைத் தழும்பு. தண்ணீரில் கழுவியது உங்கள் தப்பு என்கிறார் கடைக்காரர். லென்ஸ் காசைத் திருப்பித் தருகிறாராம், இனி எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று எழுதிய தாளில் கையெழுத்து வேண்டுமாம்.

பதில்: அக்கா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், மகளையும் போட விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அகந்தமீபா குழாய்த் தண்ணீரிலும் நீச்சல் குளத்திலும் இருக்கும் ஓர் உயிரி. லென்ஸ் உரசி லேசாகக் கீறிய கருவிழியில் ஒட்டிக்கொண்டால் தாங்க முடியாத வலி வரும், சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். ஆரம்பத்தில் ஹெர்பிஸ் போலவே தெரிவதால் அனுபவமுள்ள மருத்துவர்களே தடுமாறுவதுண்டு, அதனால் அவசரப்பட்டு டாக்டர் மேல் வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். வேறொரு கண் மருத்துவர் ஆவணங்களைப் பார்த்துச் சொல்லட்டும்.

கடை விஷயம் வேறு. தண்ணீர் படக்கூடாது என்று சொல்லாமல் விற்றுவிட்டு, தண்ணீர் பட்டது உன் தப்பு என்பது என்ன நியாயம்? 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 61ஆம் பிரிவு, பொருளின் ஆபத்தைப் பற்றிப் போதிய எச்சரிக்கை தராததால் தீங்கு வந்தால் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விநியோகஸ்தர், விற்றவர் எல்லோரையும் பொறுப்பாக்குகிறது. அவர்களின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் மகளும் கவனமாக இருந்திருக்கலாம் என்று வாதாடி நஷ்ட ஈட்டைக் குறைக்கப் பார்ப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

லென்ஸ், அதைப் போட்டுவைக்கும் டப்பா, வாங்கிய பெட்டி, ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள். டப்பாவைக் கழுவவே வேண்டாம், அடியில் மிஞ்சிய ஈரத்தைக்கூட ஆய்வகத்தில் சோதிக்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள். பெட்டியில் லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) இருந்தால் போட்டோ எடுங்கள், இறக்குமதி செய்தவரைத் தேட அது உதவும். மருத்துவ ஆவணங்களை மகள் பெயரிலேயே எழுத்தில் கேளுங்கள், தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கையில் காசில்லை என்று தயங்க வேண்டாம். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், அவர்கள் உங்களுக்குக் கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. ஆனால் மூன்று வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் ஒருவரைப் பாருங்கள்.

இன்னொன்று, இங்கே ஒரே காயத்துக்கு இரண்டாம் தடவை நஷ்ட ஈடு கேட்க முடியாது, இதுவரை ஆன செலவும் இனி ஆகப்போவதும் ஒரே வழக்கில் வந்தாக வேண்டும். அதனால் கருவிழி மாற்று அறுவை தேவைப்படுமா, பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது பார்க்கும் மருத்துவரிடம் எழுதி வாங்கிவிட்டுத் தொகையைப் பேசுங்கள்.