சிலம்பக்காரர் ஜூடோ பழகலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 46 வயதாகிறது. சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறேன். பன்னிரண்டு வயதில் எங்கள் தெரு ஆசானிடம் சிலம்பம் பழகத் தொடங்கி, இன்றும் ஆடிப் பண்டிகையில் கம்பு சுற்றி வருகிறேன். மகனை ஜூடோ வகுப்பில் சேர்த்துவிட்டு வாசலில் காத்திருந்து பார்த்ததில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. மாஸ்டரும் "ஒரு நாள் இறங்கிப் பாருங்கள்" என்கிறார். சிறுபிள்ளைகளோடு உருளக் கூச்சமாக இருக்கிறது. அதைவிட, ஆசானுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற உறுத்தல் பெரிதாக இருக்கிறது. நண்பர்களோ, "எல்லாக் கலையும் போதிதர்மரோடு இங்கிருந்து போனதுதானே, அதை ஏன் அவர்களிடம் கற்க வேண்டும்?" என்கிறார்கள். நீங்களும் ஜூடோ வகுப்புக்குப் போனதாக முன்பு எழுதியிருந்தீர்கள். போகலாமா?

க., அம்மாப்பேட்டை

அன்புள்ள க.,

தாராளமாகப் போகலாம்.

நண்பர்கள் சொல்வதை முதலில் ஒதுக்கிவிடுவோம். போதிதர்மர் சீனாவின் ஷாவோலின் மடத்தில் போர்க்கலை கற்பித்தார் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் சீன நூல், அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிறகு, 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. ஜூடோவின் பிறப்போ தெளிவாகத் தெரிந்த ஒன்று. ஜிகோரோ கானோ என்ற இளைஞர் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையின் பள்ளிகள் இரண்டில் பயின்று, இரண்டிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டு, 1882இல் டோக்கியோவில் ஒரு கோயில் வளாகத்தில் சில மாணவர்களோடு அதைத் தொடங்கினார்.

உங்கள் உறுத்தலுக்கான பதிலும் அவரிடமே இருக்கிறது. 1930இல், ஜூடோவின் தலைமை ஆசானாக உலகப் புகழ் பெற்றிருந்த வயதில், மொரிஹெய் உயெஷிபாவின் பயிற்சியைப் பார்க்கப் போன கானோ, அதில் மனம் பறிகொடுத்துத் தம் மாணவர்கள் சிலரையே அவரிடம் கற்க அனுப்பினார். பிற்காலத்தில் ஐக்கிடோ என்று பெயர் பெற்ற கலை அது. கலையை உருவாக்கியவரே மாணவனை வேறொருவர் வாசலுக்கு அனுப்பியிருக்கும்போது, உங்கள் ஆசான் கோபிப்பார் என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒரு வார்த்தை அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி என் அனுபவம். கன்னங்குறிச்சியில் நானும் நான்கு ஆண்டுகள் கம்பு பிடித்தவன்தான். 43 வயதில், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மாடிக்கூடத்தில் நடந்த ஜூடோ வகுப்புக்குப் போனேன். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டேன். பெல்ட் கட்டத் தெரியவில்லை. வேட்டியை முடிவதைப் போல இடுப்பில் செருகிக்கொண்டு நின்ற என்னிடம் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வந்து, பெல்ட்டின் நடுப்பகுதியைத் தொப்புளில் வைத்து, இரு முனைகளையும் பின்னால் கொண்டுபோய் முன்னால் இழுத்து, ஒரு முனையை இரண்டு சுற்றுக்கும் அடியில் நுழைத்து முடிச்சிட்டுக் காட்டினாள். பிறகு அதை அவிழ்த்துவிட்டு, "இப்ப நீங்க கட்டுங்க அங்கிள்" என்றாள். என் கூச்சம் அத்தோடு போயிற்று. பிள்ளைகள் நம் வயதைப் பார்ப்பதில்லை. பெல்ட்டின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அன்று முழுவதும் யாரையும் வீழ்த்தக் கற்றுத்தரவில்லை, விழத்தான் கற்றுத்தந்தார்கள். பின்பக்கமாக விழும்போது முகவாயை நெஞ்சோடு சேர்த்து, கண்ணைப் பெல்ட் முடிச்சின் மேலேயே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. முதுகு படும் அதே நொடியில் இரு கைகளையும் உடலுக்குச் சற்றுத் தள்ளி, கீழே விரித்திருக்கும் மெத்தையின் மீது அறைய வேண்டும். கையை ஊன்றித் தடுக்க நினைத்தால் மணிக்கட்டு முறியும். முழுக்கையால் அறைந்தால் அடி பரவிவிடும். கேட்பதற்கு எளிது. ஆனால் விழப்போகிறோம் என்றதும் கை தானாகப் பின்னால் போய் ஊன்றுகிறது. சேறான வரப்பில் வழுக்காமல் நடக்கப் பழகிய நாள் முதல் உடம்பில் ஊறியிருக்கும் பழக்கம் அது. பிள்ளைகள் அறையும்போது "பட்" என்று ஒரே ஓசையாகக் கேட்டது. என்னுடையது மாவு மூட்டையை இறக்கிப் போட்டதைப் போல மூன்று தவணையாகக் கேட்டது.

உங்களுக்கு உண்மையான சிக்கல் இரண்டாவது வாரத்தில் வரும், அது சிலம்பத்திலிருந்தே வரும். கம்பு நமக்குக் கற்றுத்தருவது எதிராளியை அண்டவிடாமல் இருப்பதை. ஜூடோவோ, அவன் வந்து உங்களைப் பிடித்துக்கொள்வதில்தான் தொடங்குகிறது: வலக்கை உங்கள் சட்டையின் கழுத்து மடிப்பில், இடக்கை உங்கள் முழங்கைப் பக்கத்துச் சட்டைக்கையில். முதல் சில நாட்கள் என் உடம்பு அதை ஏற்கவே இல்லை. பிடித்தவுடன் தோளை விறைத்துக்கொண்டு பின்வாங்கினேன். விறைத்தவனைத் தள்ளுவதும் இழுப்பதும் அவர்களுக்கு மிக எளிது.

காலடியும் அப்படியே. கம்போடு சுழலும்போது காலைத் தூக்கிக் குறுக்கே மாற்றி வைக்கிறோம். அங்கே பாதம் மெத்தையை உரசியபடி நகர வேண்டும், கால்கள் குறுக்கிடக் கூடாது. நான் பழக்கத்தில் காலைத் தூக்கி வைத்தேன்; அது தரையைத் தொட்டு எடை இறங்கும் கணத்தில், எதிரே நின்ற கல்லூரிப் பையன் தன் உள்ளங்காலால் அதைப் பக்கவாட்டில் வாரிவிட்டான். இதற்கு தெ-ஆஷி-பராய் என்று பெயர். அவன் பலம் எதையும் செலவிடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. சிலம்பத்தில் கணம் பார்த்து அடிக்கப் பழகிய உங்களுக்கு, இந்தக் கணம் என்னைவிட விரைவில் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

சேர்வதற்கு முன், இரத்த அழுத்தம், முழங்கால், கழுத்து ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். பழைய காயம் இருந்தால் மாஸ்டரிடம் மறைக்காதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், காப்பு, கோயில் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிடிக்கும்போது பிறர் விரல் அதில் சிக்கும். பிடியிலோ அழுத்தத்திலோ வலித்தால் கையால் இரண்டு முறை தட்டுங்கள், விட்டுவிடுவார்கள். தட்டுவதற்கு வெட்கப்பட்டு முழங்கையைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாஸ்டரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: புதியவர்களை எத்தனை நாள் கழித்து எதிராளியோடு விடுவீர்கள் என்று. "இன்றைக்கே" என்று அவர் சொன்னால் நீங்கள் வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளலாம், மகனையும் கூட்டி வந்துவிடலாம். முதலில் விழப் பழகட்டும் என்று அவர் சொன்னால் அன்றே இறங்குங்கள். மறுநாள் காலையில் வயிற்றுத் தசை வலியில் சிரிக்கக்கூட முடியாது. தலையைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்ததால் வரும் வலி அது. இரண்டு நாளில் போய்விடும்.