ஒலிவ மரமும் காவல் தெய்வமும்

கேள்வி: மார்மன் புத்தகத்தின் ஒலிவ மரத் தீர்க்கதரிசனத்தை, செட்டிநாட்டில் மரத்தில் குடியிருக்கும் காவல் தெய்வத்தின் மாயக்கதையாக எழுதுகிறேன். மூலத்தில் எதை விடக்கூடாது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வேதநூலாக 1830-ல் வெளியான அந்நூலில், யாக்கோபு என்ற பகுதியின் 5-ஆம் அதிகாரம் இது, 77 வசனங்கள். பட்டுப்போகும் நல்ல மரத்தில் காட்டுக் கிளைகளை ஒட்டுகிறார்கள். அதன் இளங்கிளைகளைத் தோட்டத்தின் கடைக்கோடிகளில் மறைத்து நடுகிறார்கள். சிதறிய இஸ்ரவேலர் மீண்டும் கூடுவதே இதன் பொருள் என்பது மார்மன் மக்களின் நம்பிக்கை.

அசுரனை நுழைக்காதீர்கள், கதை அங்கேயே கெடும். பிறகு தோட்டத்தின் கனி கெட்டுப்போகிறது; அதற்கு 48-ஆம் வசனம் சொல்லும் காரணம், கிளைகள் வேரை மிஞ்சி வளர்ந்த செருக்குதான். ஆகவே தெய்வத்தை வேரில் வையுங்கள். மீட்பும் ஒரே இரவில் நடக்கக் கூடாது: கெட்ட கிளைகளை மொத்தமாக வெட்டினால் வேரின் வேகம் தாங்காமல் புது ஒட்டு பட்டுவிடும் என்கிறது 65-ஆம் வசனம். நல்லது வளர வளரத்தான் கெட்டதைக் கழிக்க வேண்டும். தோட்டத்தின் சொந்தக்காரர் அழும் 41-ஆம் வசனத்தை அவசியம் வையுங்கள். அதிகாரத்தின் உயிரே அதுதான்.

ஆலமரம் வேண்டாம். விழுது ஊன்றிய கிளை தாய்வேர் இல்லாமலும் நிற்கும். ஒட்டுக்குப் பழகிய மாமரம் பொருந்தும். பர்மா, மலேயா போன குடும்பங்களைக் கிளைகளாகவும், நகரத்தாரின் ஒன்பது கோயில்களை வேர்களாகவும் அமைக்கலாம். இது கற்பனை என்று முன்னுரையில் சொல்லிவிடுங்கள். மார்மன் மக்களுக்கு மூலநூல் வேதம்.