கேள்வி பதில்: ஊட்டிப் பனியும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும்

கேள்வி: அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா இப்போது என் கையில். 50 எம்எம் லென்ஸ், எஃப்/1.8 வரை திறக்கும். போன டிசம்பரில் ஊட்டி மார்க்கெட்டையும் கமர்ஷியல் ரோட்டையும் பொழுது சாய்ந்த பிறகு 400 ரோலில் எடுத்தேன். தெருவிளக்கு மட்டும் பளிச்சென்று வந்தது, ஆட்களும் கடைகளும் கறுப்பில் மூழ்கிவிட்டார்கள். டிரைபாட் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் அலைய முடியாது. வேறு ஃபிலிம் வாங்கவா?
- கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: ஃபிலிமை மாற்ற வேண்டாம். விளக்கு மட்டும் வந்தது என்கிறீர்களே, காரணமே அதுதான். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அந்த விளக்கைப் பார்த்து 'வெளிச்சம் தாராளமாக இருக்கிறது' என்று முடிவுகட்டிவிட்டது. அந்த நெகட்டிவை ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள், ஆட்கள் நின்ற இடம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் அங்கே ஃபிலிமில் வெளிச்சம் விழவே இல்லை என்று அர்த்தம். இனிமேல் விளக்கு சட்டகத்துக்குள் வராதபடி கிட்டே போய், கடைக்காரர் முகத்தையோ விளக்கடியில் இருக்கும் சுவரையோ அளந்து, அந்த எண்ணை வைத்துக்கொண்டு பின்னால் வந்து எடுங்கள்.

அடுத்து வேகம், அதாவது ஃபிலிம் எவ்வளவு குறைந்த வெளிச்சத்தைப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் இரண்டுமே 400தான், ஆனால் மீட்டரில் 1600 என்று வைத்து எடுத்து, டெவலப் செய்யும்போது கூடுதல் நேரம் கொடுக்கலாம். இதைத்தான் புஷ் செய்வது என்கிறோம். 1600 வைத்தால் தெருவிளக்கு வெளிச்சத்தில் எஃப்/2, 1/60 நொடி பெரும்பாலும் தாங்கும், பல்ப் எரியும் வர்க்கிக் கடை வாசலில் எஃப்/2.8, 1/125 வரைக்கும்கூடப் போகலாம். விளக்குக் கம்பத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு மூச்சை அடக்கினால் 1/30ம் கைக்கு அடங்கும்.

ஆனால் புஷ் செய்தால் நிழலுக்குள் இருப்பதெல்லாம் எழுந்து வந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். வெளிச்சம் விழாத இடத்தில் எத்தனை நிமிடம் டெவலப்பரில் ஊறவைத்தாலும் ஒன்றும் வராது. நடுத்தர வெளிச்சப் பகுதிதான் மேலேறும், கூடவே கான்ட்ராஸ்ட் கூடும், கிரெய்ன், அதாவது படத்தில் தெரியும் பொடிப்புள்ளி, பெரிதாகும். அதனால் எந்த முகம் வேண்டும், எந்த மூலை கறுப்பாகப் போனால் பரவாயில்லை என்பதை எடுக்கும்போதே நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். எனக்கு அந்தக் கறுப்பு பிடிக்கும், மப்ளர் சுற்றிய ஒரு முகம் மட்டும் இருட்டிலிருந்து வெளியே வருவது ஊட்டி இரவுக்கு அப்படிப் பொருந்துகிறது. இல்ஃபோர்டின் டெல்டா 3200 ரோலும் உண்டு, பெயரில் 3200 இருந்தாலும் அதன் அசல் வேகம் 1000 வாக்கில்தான். நிழல் இன்னும் கொஞ்சம் பிடிக்கும், விலையும் அதிகம். முதலில் 400ல் கை பழகட்டும்.

நேரத்தையும் பாருங்கள். டிசம்பரில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் இறங்குகிறது, நம் பக்கத்தில் அந்தி நீளமாக இழுக்காது, சட்டென்று இருட்டிவிடும். கடை விளக்கெல்லாம் எரிய ஆரம்பித்து, வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளுப்பு மிச்சமிருக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் கூரையும் மரமும் வானத்திலிருந்து பிரிந்து தெரியும். ஐந்தரைக்கே சேரிங் கிராஸில் நின்றுவிடுங்கள். மேகம் தெருவுக்கு இறங்கிவிட்டால் மீட்டர் அந்த வெண்மையைப் பார்த்து ஏமாறும், அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூடுதலாகக் கொடுங்கள். விடியற்காலையில் தலைகுந்தா பக்கம் உறைபனி பூத்த புல்லை எடுக்கும்போதும் இதே கணக்கு.

அப்புறம் ஒன்று, நடுவில் வேகத்தை மாற்றாதீர்கள், மொத்த ரோலும் ஒரே நேரம்தான் டெவலப் ஆகும். நான் 1600ல் எடுத்த ரோல் ஒன்றை ஒரு லேபில் வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன், அவர்கள் மற்ற ரோல்களோடு சேர்த்து 400க்கான நேரமே கொடுத்துவிட்டார்கள். இரண்டு இரவு முழுக்க மார்க்கெட்டில் நின்று எடுத்தது, 36 படமும் நீர்த்துப்போய் வந்தது. இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை. ரோல் மேலேயே மார்க்கரில் 1600 என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே ஐடி-11 டெவலப்பரில் ஃபிலிம் கழுவுகிறேன். வெயில் காலத்தில் நன்றாக வருகிறது, ஜனவரியில் மட்டும் நெகட்டிவ் சோகையாக இருக்கிறது, ஏன்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: குளிர்தான். எச்பி5 பிளஸுக்கு ஐடி-11ஐத் தண்ணீர் கலக்காமல் பயன்படுத்தினால் 400க்கு ஏழரை நிமிடம், 800க்குப் பத்தரை, 1600க்கு 14 என்பது 20 டிகிரிக்கான கணக்கு. சமவெளியில் இருப்பவர்கள் 20க்கு இறக்க ஐஸ் தேடுவார்கள், நமக்கு நேர்மாறு, விடிகாலைக் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஐடி-11ல் இருக்கும் ஹைட்ரோகுவினோன் குளிர்ந்தால் வேலை செய்யாமல் சோம்பிவிடும். அகலமான பேசினில் வெந்நீர் கலந்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, டெவலப்பர், ஃபிக்ஸர் பாட்டில்களையும் டாங்கையும் அதற்குள்ளேயே நிறுத்துங்கள். கழுவும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும்.

கேள்வி: டீக்கடைக்குள் நுழைந்ததும் லென்ஸ் வேர்த்துவிடுகிறது.
- வாசகர், கொடைக்கானல்

பதில்: வெளியே நிற்கும்போதே கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே போங்கள். ஈரம் பையின் மேல் படியும். டீ குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கேமரா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம்.

கேள்வி: தாத்தா பெட்டியில் 'இந்து' என்று பெயர் போட்ட கறுப்பு வெள்ளை ரோல் இரண்டு கிடைத்தன. ஊட்டியிலேயே செய்ததாமே? இந்த மார்கழி இரவில் போட்டுப் பார்க்கலாமா?
- வாசகி, ஊட்டி

பதில்: ஆமாம், இந்து நகரில் செய்ததுதான். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960ல் தொடங்கிய அரசு நிறுவனம், 1967ல் உற்பத்தி ஆரம்பித்தது. ஃபிலிம் பூசத் தூசியில்லாத, குளிர்ந்த காற்று வேண்டும், அது இந்த மலையில் இருந்தது. நாட்டுக்கே எக்ஸ்-ரே ஃபிலிமும் போட்டோ ஃபிலிமும் கொடுத்த ஆலை மூடிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. உங்கள் ரோலை இரவில் போடாதீர்கள். இத்தனை வருடத்தில் வேகம் குறைந்திருக்கும், மேலே ஒரு மூட்டமும் ஏறியிருக்கும், அதைப் புஷ் செய்தால் மூட்டம்தான் தடிக்கும். நல்ல வெயிலில், உறையில் போட்டிருக்கும் வேகத்தில் கால்பங்கு வைத்து ஒன்றை மட்டும் எடுங்கள். அது எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவதைப் பிரியுங்கள்.