கடைசியாகப் பேசியவர்

இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டேன். காணாமல் போன பிள்ளைகளைப் பற்றியும், அவர்களைப் பற்றி இணையத்தில் ஆளாளுக்குத் துப்பறிவதைப் பற்றியும் நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. நான்காவது கடிதம் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி எழுதியது. அதைப் படித்த பிறகு வேறு எதற்கும் பதில் எழுத மனம் வரவில்லை.

கேள்வி: டீச்சர், என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். டெனெரீஃப் தீவில் காணாமல் போன இங்கிலாந்துப் பையனைப் பற்றிய வீடியோக்களை 2024லிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். "அது விபத்தே இல்லை, கூட இருந்தவர்கள் மறைக்கிறார்கள்" என்கிறான். உண்மையில் என்ன நடந்தது? இவனிடம் எப்படிப் பேசுவது?
(ஒரு தாய், மன்னார்குடி)

பதில்: முதலில் நடந்ததைச் சொல்கிறேன். பையனின் பெயரை எழுதப் போவதில்லை. அது ஏற்கெனவே போதுமான அளவு இழுபட்டுவிட்டது.

அவனுக்கு 19 வயது. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்தவன், கொத்து வேலை பழகிக்கொண்டிருந்தான். நண்பர்களோடு ஒரு இசைவிழாவுக்காக டெனெரீஃப் போனான். ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு அது. விழா முடிந்த இரவு, அங்கே அறிமுகமான இரண்டு பேருடன் காரில் ஏறி, மாஸ்கா என்ற மலைக்கிராமத்தில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குப் போனான். 2024 ஜூன் 17 காலையில் அங்கிருந்து தனியாகக் கிளம்பியிருக்கிறான். பஸ் எப்போது வரும் என்று அங்கிருந்த ஒரு பெண்மணியிடம் கேட்டிருக்கிறான். பத்து மணிக்கு என்று சொல்லியிருக்கிறார். அவன் காத்திருக்காமல் நடக்க ஆரம்பித்தான். தங்கியிருந்த இடத்துக்கு நடந்தே போவதென்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்பது மணிக்குள் தோழி ஒருத்திக்குப் போன் செய்து, வழி தெரியவில்லை, தண்ணீர் வேண்டும், போனில் ஒரு சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது என்றான். அதோடு தொடர்பு அறுந்துபோனது.

ஸ்பெயின் காவல் படை ஹெலிகாப்டர், டிரோன், மோப்ப நாய் எல்லாவற்றையும் வைத்துத் தேடியது. ஜூலை 15 அன்று மலை மீட்புக் குழுவினர் மாஸ்காவுக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கில் உடலைக் கண்டெடுத்தார்கள். 2025 ஜூலையில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் மரண விசாரணை முடிந்தது. ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது, யாரும் தாக்கியதற்கோ பிடித்து வைத்ததற்கோ அடையாளம் இல்லை, இது விபத்து மரணம் என்று விசாரணை அதிகாரி ஜேம்ஸ் அடெலி முடிவு சொன்னார்.

இவ்வளவுதான். இந்த நான்கு வாரத்தில் இணையம் என்ன செய்தது என்பதுதான் உங்கள் மகனிடம் பேச வேண்டிய விஷயம். பேஸ்புக்கில் லட்சக்கணக்கானவர்கள் குழுக்களாகக் கூடினார்கள். போதைக் கும்பல் கடத்திவிட்டது என்றார்கள். அவனே திட்டம் போட்டு மறைந்துவிட்டான் என்றார்கள். குடும்பத்துக்காகத் திரட்டிய நன்கொடையை மோசடி என்றார்கள். கடைசிப் போனை எடுத்த அந்தத் தோழியை, அழுகிற பெண்ணை, நடிக்கிறாள் என்றார்கள். ஜூன் 29 அன்று பெரிய அளவில் தேடப் போகிறோம், தன்னார்வலர்கள் வாருங்கள் என்று காவல் படை கூப்பிட்டது. பாறையில் ஏறித் தேட வந்தவர்கள் ஆறு பேர் என்று செய்தி வந்தது.

அதற்கு ஏறக்குறைய பதினேழு மாதங்களுக்கு முன்னால் அதே லங்காஷயரில் இன்னொன்று நடந்திருந்தது. 2023 ஜனவரியில் இரண்டு பெண் குழந்தைகளின் தாய் ஒருவர் வயர் ஆற்றங்கரையில் நாயோடு நடக்கப் போனவர் திரும்பவில்லை. அந்தச் சின்ன ஊருக்குள் கேமராவோடு ஆட்கள் வந்து குவிந்து, அடுத்தவர் தோட்டத்தில் எல்லாம் எட்டிப் பார்த்ததால், கூட்டத்தைக் கலைக்க போலீஸ் உத்தரவு போட வேண்டி வந்தது. பிப்ரவரி 19 அன்று ஆற்றிலேயே உடல் கிடைத்தது. அதையும் விசாரித்தவர் இதே அடெலிதான். தவறி விழுந்து மூழ்கியதாக முடிவானது.

உங்கள் மகனைத் திட்டாதீர்கள். அவன் ஆர்வம் கெட்ட ஆர்வம் இல்லை. ஒரு பையன் தனியாக மலையில் தாகத்தோடு நடந்தான் என்பதை மனசு ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது. அதற்கு ஒரு வில்லன் கிடைத்தால் நன்றாயிருக்கும் போலத் தோன்றுகிறது. அவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அந்தப் போன் உனக்கு வந்திருந்தால்?" அவன் நண்பன் எங்கேயோ போய், கடைசிப் போன் இவனுக்கு வந்து, அடுத்த நாள் காலை ஊரே இவன் முகத்தைப் பெரிதுபடுத்தி, கண்ணைப் பார், பொய் சொல்கிறான் பார் என்று பேசினால் எப்படி இருக்கும்? பதில் சொல்ல அவசரப்படுத்தாதீர்கள். தட்டை எடுத்து வைக்கும்போது கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த விசாரணையே 2025 மே மாதம் ஒரு முறை நின்றுபோனது. சில சாட்சிகள் வரவில்லை. அவர்களையும் கேட்க வேண்டும் என்று பையனின் தாய் கெஞ்சியதால்தான் ஜூலைக்குத் தள்ளிப்போனது. ஒவ்வொருவரும் ஏன் வரவில்லை என்பது அவரவர் விஷயம். ஆனால் ஒரு வருடம் முழுக்க உலகமே கல்லெறிந்த பிறகு கூண்டில் ஏறி நிற்க யாருக்கு மனம் வரும் என்று நான் யோசித்தேன். அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது அவர்கள் வாயிலிருந்து வரும் நாலு வார்த்தை.

கேள்வி: போன மாதம் இணையத் துப்பறிவாளர்களைக் கடிந்து எழுதியிருந்தீர்கள். போலீஸ் கண்டுபிடிக்காததைப் பொதுமக்கள் கண்டுபிடித்ததும் உண்டே?
(வாசகர், மதுரை)

பதில்: உண்டு. நன்றாகவே உண்டு. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டிரக்கி ஊருக்குப் பக்கத்தில், ஏரிக்கரை முகாமில் நடந்த விருந்திலிருந்து 16 வயதுப் பெண் ஒருத்தி காணாமல் போனாள். கடத்தல் என்று பலர் அடித்துப் பேசினார்கள். அரசுத் தரப்பு பல நாள் தேடியது, ஏரியையும் பார்த்தது. இரண்டு வாரம் கழித்து, தண்ணீரில் மூழ்கிய வண்டிகளைத் தேடும் தன்னார்வ முக்குளிப்பாளர்கள் ஒரு குழுவாக வந்து, ஒலியலையால் தண்ணீருக்கடியில் தேடும் சோனார் கருவியோடு அதே ஏரியில் இறங்கினார்கள். கார் கிடைத்தது. அவளும் அதிலேயே இருந்தாள். கரையிலிருந்து அதிகத் தூரம்கூட இல்லை. விபத்தாக மூழ்கியது என்று முடிவானது.

அவர்கள் நினைத்தது எளிமையான விஷயம்: ஆளோடு சேர்ந்து காரும் காணவில்லை என்றால் முதலில் பக்கத்திலிருக்கும் தண்ணீரைப் பார். இதில் யார் மேலும் பழி இல்லை. ஊகம் தப்பாக இருந்திருந்தால் அன்றைக்கு அவர்கள் உடம்பு நனைந்ததுதான் நஷ்டம்.

2013இல் பாஸ்டனில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது ஏப்ரல் 15 அன்று. அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 16 அன்று, பக்கத்து மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த 22 வயது இந்திய வம்சாவளி மாணவன் காணாமல் போயிருந்தான். அவனைத் தேடி வீட்டார் பேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்தி வந்தார்கள். குண்டு வைத்தவனின் படத்தை போலீஸ் வெளியிட்டதும், முகம் இவன் மாதிரி இருக்கிறது என்று ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் யாரோ கிளப்பிவிட, ஒரே ராத்திரியில் அந்தப் பக்கம் முழுக்க வசவு. "அண்ணா, திரும்பி வா" என்கிற மாதிரி எழுதி வைத்திருந்த இடத்தில் வசவு. குடும்பம் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. விடிந்தபோது உண்மையான குற்றவாளிகள் வேறு ஆட்கள் என்று தெரிந்தது. ஏப்ரல் 23 அன்று அந்த மாணவனின் உடல் ஆற்றில் கிடைத்தது. ரெடிட் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் "இந்தச் சிறுமியைக் காணவில்லை, எல்லோருக்கும் அனுப்பவும்" என்று வாரம் ஒன்று வருகிறது. அனுப்புவதா, வேண்டாமா?
(வாசகர், சேலம்)

பதில்: தேதி, காவல் நிலையத்தின் பெயர், தொலைபேசி எண் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த நிலையத்துக்கு ஒரு போன். குழந்தை இன்னும் கிடைக்கவில்லை என்று அவர்கள் சொன்னால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்களோடு நிற்கட்டும். கிடைத்துப் பல வருடம் ஆன குழந்தைகளின் படம் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. காணாமல் போன, ஓடிப்போன குழந்தையும் சிறார் நீதிச் சட்டத்தில் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைதான். அனுமதியில்லாமல் பெயர், பள்ளி, படத்தை வெளியிட்டால் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு.

உங்கள் கண்ணெதிரே ஒரு குழந்தை தனியாக நின்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தையையே காணோம் என்றால் அவசர உதவி எண் 112, அப்புறம் நேரே காவல் நிலையம். "இருபத்துநாலு மணி நேரம் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காணாமல் போன குழந்தை என்றால் கடத்தலாகவே எடுத்துக்கொண்டு முதல் தகவல் அறிக்கை போட வேண்டும் என்று 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

படத்தோடு "இந்த ஆள்மேல் சந்தேகம்" என்று ஒரு வரி சேர்ந்து வந்தால் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள். 2018 மே மாதம் போளூர் பக்கத்தில் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸப்பில் வதந்தி. குலதெய்வக் கோயிலைத் தேடி காரில் வந்த குடும்பம் வழி கேட்க நின்றது. அதில் இருந்த வயதான அம்மா குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள்.

கேள்வி: டீச்சர், நான் பிளஸ் டூ படிக்கிறேன். என் பிரெண்டு மூன்று நாள் காணாமல் போய்விட்டாள். அவள் கடைசியாக மெசேஜ் பண்ணியது எனக்குத்தான். அதை நானே அவள் அம்மாவிடம் காட்டினேன். யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்ஸ்டாவில் போட்டுவிட்டார்கள். "இவள்தான் அனுப்பி வைத்தாள்" என்று என் போட்டோவோடு எழுதினார்கள். அவள் பாட்டி வீட்டிலிருந்து பத்திரமாக வந்துவிட்டாள். ஆனால் எனக்கு வருகிற மெசேஜ் நிற்கவில்லை. ஏன் காட்டினோம் என்று இருக்கிறது.
(பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: கண்ணு, நீ செய்தது சரி. காட்டியதும் சரி, உடனே காட்டியதும் சரி.

முதலில் செய்ய வேண்டியது. வந்த மெசேஜ் எதையும் அழிக்காதே. ஒவ்வொன்றையும் தேதி, நேரம், அனுப்பிய ஐடி தெரிகிற மாதிரி படம் எடுத்து வை. யாருக்கும் பதில் எழுதாதே. அம்மாவிடமோ அப்பாவிடமோ இன்றைக்கே எல்லாவற்றையும் காட்டு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார் கொடுக்கலாம், மாவட்ட சைபர் கிரைம் போலீஸிலும் கொடுக்கலாம். உனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் 1098க்கு நீயே போன் பண்ணிப் பேசலாம், ராத்திரி ஆனாலும் பரவாயில்லை. உன் பிரெண்டின் அம்மா இரண்டு வரி எழுதிப் போட்டால் பாதி வாய் அடங்கும். கேட்க உனக்குக் கூச்சமாக இருந்தால் உன் அம்மாவைக் கேட்கச் சொல்.

இனி என் வீட்டுக் கதை. நான் இதை இந்தப் பக்கத்தில் எழுதியதே இல்லை.

1986இல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கு என் தம்பி காணாமல் போனான். கணக்கில் போய்விட்டது. நாங்கள் அப்போது கும்பகோணத்தில் இருந்தோம். தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடைக்காரரிடம் ஐந்து ரூபாய் கடன் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனான். சாயங்காலம் அப்பா தேடிக்கொண்டு போனபோது அவர் தானாகவே முன்னால் வந்து அதைச் சொன்னார். "அழுத மாதிரி இருந்தான் சார், கேட்டேன், ஒன்றுமில்லை என்றான்."

மறுநாள் காலையிலிருந்து தெரு பேச ஆரம்பித்தது. அவர் எதற்குப் பணம் கொடுத்தார்? அவருக்குப் பிள்ளைகள் இல்லையே, அடுத்தவன் பிள்ளைமேல் என்ன அக்கறை? கடைக்குப் பின்னால் இருந்த கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஐந்தாம் நாள் யாரோ கடையில் நின்ற சைக்கிள்களின் டயரைக் கிழித்துவிட்டார்கள். அப்பா தடுக்கவில்லை. அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கிடைத்தான். துணி மடித்துக்கொண்டிருந்தானாம். கம்பெனி மேஸ்திரி அவனிடம் விலாசம் வாங்கி ஒரு கார்டு போட்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர் பஸ் பிடித்தேன், அங்கேயிருந்து மாறி மாறிப் போனேன் என்றான். சைக்கிள் கடைக்காரர் பஸ் ஸ்டாண்டு என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு நாங்கள் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் தம்பியோடு ஊருக்கு வந்தபோது கடை பூட்டியிருந்தது. அவர் மனைவியின் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அந்த மாதக் கடைசியில் அப்பா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பாபநாசம் பக்கம் அந்த ஊருக்குப் போனார். கடைக்காரர் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். அப்பா அந்த ஐந்து ரூபாயை நீட்டிக்கொண்டு பேச்சு வராமல் நின்றார். அவர் வாங்கிக்கொண்டு, தம்பியைப் பார்த்து, "கணக்கு மறுபடி எழுதுறியா?" என்று மட்டும் கேட்டார். அக்டோபரில் எழுதி பாஸ் பண்ணினான்.

கடையை அவர் திறக்கவே இல்லை. தம்பிக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. திருப்பூரிலேயே வேலை. உன் கடிதத்தை நேற்று போனில் அவனுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொண்ணு நம்பர் இருந்தா கொடு அக்கா, நான் பேசுறேன்" என்றான். பத்திரிகை விலாசத்துக்கு உன் அம்மாவை ஒரு கடிதம் போடச் சொல்.