பவானி டூ பால்பா: கணக்கு டீச்சர் பதில்கள்

நேபாளத்தில், பால்பா மாவட்டத்து மலைக் கிராமப் பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த கதையைப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில்.

எனக்கு வயது 59. போன வருஷம் ரிட்டயர் ஆனேன். "பொம்பளை தனியா அத்தனை தூரமா?" என்கிறார் வீட்டுக்காரர். நீங்கள் எப்படிப் போனீர்கள்?
— வாசகி, தாராபுரம்

எங்க வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டாருங்க. ஈரோட்டில் ராப்தி சாகர் எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்ட பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ரயில் நகர்ந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

ரெண்டு ராத்திரி ரயிலில். கோரக்பூரில் இறங்கி, எல்லை ஊரான சுனௌலிக்கு பஸ். எல்லை என்றால் துப்பாக்கியும் முள்வேலியுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு வளைவு, அதன் கீழே சைக்கிள் ரிக்சா, காய்கறி மூட்டை, பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள். நானும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே தாண்டினேன். நமக்கு விசா வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்கட்டும். கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்க, அவ்வளவுதான் வெளிநாடு.

சங்கடப்பட்டது பணத்தில். அவங்க 160 ரூபாய் நம்ம 100 ரூபாய்க்குச் சமம். ஆனால் நான் போன 2023-ல் நூறுக்கு மேற்பட்ட நம் நோட்டு அங்கே செல்லாது. நானோ சுருக்குப் பை நிறைய ஐந்நூறாகவே வைத்திருந்தேன். திரும்ப இந்தப் பக்கம் வந்து சில்லறை மாற்றிக்கொண்டு போனேன். கணக்கு டீச்சராம்!

உண்மையாகப் பயந்தது ஒரே இடத்தில்தான். மலையடிவார ஊர் புட்வலில் இருந்து, பால்பாவின் தலைநகர் தான்சேனுக்கு ஏறுகிற ரோட்டில், சித்தபாபா கோயில் பக்கம் மழைக்காலத்தில் பாறை உருளும். ஜூலையில் திரும்பும்போது நாலு மணி நேரம் பஸ் அசையவில்லை. போவதாக இருந்தால் மழைக்கு முன்னால் போய்விடுங்க.

வெளிநாட்டில் தன்னார்வ ஆசிரியர் வேலைக்கு ஏற்பாடு செய்கிற ஒரு ஏஜென்சி, நாலு வாரத்துக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறது. கட்டலாமா?
— வாசகர், பல்லடம்

கட்டாதீங்க. நானும் முதலில் ஒரு இடத்தில் முன்பணம் கட்டி விட்டவள்தான். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று கேட்டதற்கு, "அங்க போனதும் சொல்வோம் மேடம்" என்றார்கள். பணம் திரும்பவில்லை.

அப்புறம் என்னிடம் படித்த பையன் ஒருவன் புட்வலில் வேலை பார்ப்பது தெரிந்து, அவன் மூலமாகப் பேசினேன். அங்கே அரசுப் பள்ளிகள் உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. பாலிகா என்பார்கள். பள்ளி நிர்வாகக் குழுவும் வார்டு ஆபீசும் எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகுதான் டிக்கெட் போட்டேன். போலீஸ் சான்றிதழும் கேட்டார்கள். இந்த வயசில் என்மேல் என்ன சந்தேகம் என்று முதலில் சுருக்கென்றது. யோசித்தால், ஒரு காகிதமும் கேட்காமல் பிள்ளைகளை நம்மிடம் விடுகிற இடத்துக்குத்தான் போகவே கூடாது.

செமஸ்டர் லீவு 15 நாள் இருக்கிறது. நானும் போய் ஏதாவது ஒரு கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டுமா டீச்சர்?
— கல்லூரி மாணவி, பெருந்துறை

வேண்டாம் கண்ணு. 15 நாளில் பிள்ளைகள் பேர் மனப்பாடம் ஆகும், அதற்குள் லீவு முடிந்துவிடும். ஊர் சுற்றிப் பார்க்கப் போ, அதில் தப்பே இல்லை.

மூன்று மாதம் இருந்த நானே முதல் மாதத்தைக் கெடுத்தேன். ஞாயிறு முதல் வெள்ளி வரை, பத்து மணியிலிருந்து நாலு மணி வரை பள்ளிக்கூடம். அப்போ சனிக்கிழமைதான் லீவு. எட்டாம் வகுப்புக் கணக்கு சார் சின்னப் பையன். வந்த வேகத்தில் அவர் பீரியடு எல்லாம் நான் எடுத்தேன். அவர் வராந்தா வெயிலில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினார். வேலை மிச்சமாச்சேன்னு சந்தோசப்படுகிறார் போல என்று எண்ணிக்கொண்டேன். வகுப்பில் "புஜ்யோ?" என்பேன், புரிந்ததா என்று அர்த்தம். "புஜ்யோ மிஸ்!" என்று மொத்த வகுப்பும் கத்தும். நம்ம ஊர் "புரிஞ்சுது டீச்சர்"தான், ஒருத்தருக்கும் புரிந்திருக்காது.

மூணாவது வாரம் எனக்குக் காய்ச்சல். அவர் வகுப்புக்குப் போயிருக்கிறார். "மிஸ் வந்ததும் படிச்சுக்கிறோம் சார்" என்று பிள்ளைகள் சொல்லிவிட்டன. என்னைப் பார்க்க வந்தபோது அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் அவர் நடத்த, நான் கடைசி பெஞ்சில். நான் தங்கியிருந்த வீட்டு அம்மா டாக்கா நெய்கிறவர். அந்த ஊர் டாக்காத் துணிக்குப் பேர் போனது, நேபாளத்துக்காரர் தொப்பி அதில்தான் தைப்பார்கள். எத்தனை பாவு இழை விட்டு எத்தனை எடுத்தால் பூ விழும் என்று அந்த அம்மா விரலாலேயே எண்ணுவார். எங்கப்பாவும் பவானியில் குழித்தறியில் ஜமுக்காளம் நெய்தவர், எனக்குக் கை பரபரத்தது. அந்தத் துணியை வகுப்புக்குக் கொண்டுபோனோம். விகிதம், பின்னம், சமச்சீர் எல்லாம் அதிலேயே இருந்தது. அடுத்த வாரம் அந்த சார் தன் பாட்டி துணியை எடுத்துவந்தார். நான் கிளம்பும்போது அந்தப் பாட நோட்டு அவர் கையெழுத்தில், நேபாளியில் இருந்தது. என்னால் அதைப் படிக்கக்கூட முடியாது.

சாப்பாடு ஒத்துக்கொண்டதா?
— வாசகர், சத்தியமங்கலம்

அரிசியும் பருப்பும் சாப்பிட்டு வளர்ந்தவங்களுக்கு தால்பாத் ஒத்துக்காமல் போகுமா? காலை ஒன்பதரைக்கு ஒரு தரம், பொழுதோட ஒரு தரம். சில நாள் டிடோ, நம்ம களியேதான். ஜூன் கடைசியில், அவங்க அசார் மாசம் 15 அன்று நாற்று நடுவார்கள், ஊரே சேற்றில் இருக்கும், தயிரும் அவலும்தான் விருந்து. நானும் இறங்கி ரெண்டு வரிசை நட்டேன். வாய்க்கால் பாசனத்து ஊர்க்காரி நட்டது கோணலாக இருக்கிறது என்று திரும்ப நட்டார்கள். அட்டைப்பூச்சி மட்டும் வால்பாறையைவிட ஜாஸ்தி. காபி கிடையாது. அது தனி சோகம்.

இங்கே பர்கூர் மலையிலும் தாளவாடியிலும் பிள்ளைகள் இல்லையா? சேவை செய்ய நேபாளம்தான் வேண்டுமா?
— வாசகர், அந்தியூர்

கோபமாக எழுதியிருக்கிறீர்கள், எழுத வேண்டியதுதான். எனக்கு அந்த மலையைப் பார்க்க ஆசை இருந்தது, அதனால் போனேன். சேவை என்று பெரிய பேர் வைக்க மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியை அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். அந்தியூரில் பஸ் ஏறினால் பர்கூர் மலை. 33 வருஷ சர்வீசில் மாறுதல் கவுன்சிலிங்குக்கு ஆறு தடவை போயிருக்கிறேன். திரையில் மலைப் பள்ளிகள் காலியிடமாக வரும்போதெல்லாம் கண்ணை அடுத்த வரிக்கு நகர்த்தியவள் நான்.